பழிவாங்கும் போலீசும் மஞ்சூர் முதல் பஸ்ஸும்

ஊட்டித் தியேட்டரில் விளக்கு அணைந்து, திரை முழுக்க மூடுபனி நிறைந்து, அந்தப் பனிக்குள்ளிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட போலீஸ் அதிகாரி ஒருவர் மெதுவாக நடந்து வந்தார். அதே நொடியில் என் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு விசில் பறந்தது. யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. சித்திதான். அம்மாவின் தங்கை. நிஜப் போலீஸ், தலைமைக் காவலர். வாரம் முழுக்கக் காக்கி போட்டுக் களைத்தவர், லீவு கிடைத்தால் காக்கிச் சட்டைப் படத்துக்குத்தான் என்னை இழுத்துக்கொண்டு போவார். பின்வரிசையில் யாரோ, "ஏனுங் சார், பனில கண்ணாடியக் கழட்டிருங்க, பள்ளத்துல உழுந்துருவீங்க" என்று அக்கறையாகச் சொல்ல, தியேட்டரே சிரித்தது. சித்தி சிரிக்கவில்லை. என் காதோரம் குனிந்து, "சட்டையப் பாரு கண்ணு, ஒரு கசங்கல் இருக்குதா? எங்க போயி அயர்ன் பண்றானோ" என்று பொறாமைப்பட்டார்.

நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறேன். மிச்ச நேரமெல்லாம் படம் பார்த்து, இணைய இதழ் ஒன்றுக்கு விமர்சனம் எழுதுகிறேன். எங்கள் மலையிலேயே எடுத்த படம் என்பதால் இதை நான்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்து வாங்கி வைத்திருந்தேன். கதை இதுதான். கதாநாயகனின் தம்பி கல்லூரியில் படிக்கிறவன். தோட்டத்துப் பாதையில் கஞ்சா கடத்துகிற கும்பலை அவன் பார்த்துவிடுகிறான். கும்பல் அவனைக் கொன்று, அவன் பையிலேயே கஞ்சாவைத் திணித்து, கடத்தினவனே இவன்தான் என்று ஊரை நம்ப வைக்கிறது. டிவியில் செய்தி ஓடுகிறது. கல்லூரி வாசலில் ஒட்டின கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை யாரோ கிழிக்கிறார்கள். அவன் அம்மா மார்க்கெட்டில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் கேரட் பொறுக்குகிறாள். அந்தக் காட்சி வரைக்கும் நான் சீட் நுனியில் இருந்தேன். இந்தப் படம் எங்கேயோ போகப்போகிறது என்று நம்பிவிட்டேன்.

போகவில்லை. அண்ணன் புறப்பட்டார். ஒருத்தனைத் தேயிலைத் தொழிற்சாலையில் வைத்துக் கொன்றார், ஒருத்தனை மலை ரயில் பாலத்தில் தொங்கவிட்டார், இன்னொருத்தனைத் துரத்திக்கொண்டு குன்னூர் வளைவில் ஏறின ஜீப் அடுத்த ஷாட்டில் கூடலூரில் போய் இறங்கியது. "டேய், பெட்ரோல் யாருடா போட்டா" என்று முன்வரிசை கேட்டது. கடைசியில் பெரிய வில்லனும் அணையில் விழுந்து செத்தான். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படம் முடிந்தது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தத் தம்பி கஞ்சா கடத்தவில்லை என்று யார், எப்போது, யாரிடம் சொன்னார்கள்? ஒருத்தரும் சொல்லவில்லை. இத்தனை பேரைக் கொன்றும் அந்தப் பேச்சு போட்டது போட்டபடி கிடக்கிறது. நாளைக்கு அந்த அம்மா மார்க்கெட்டுக்குப் போனால் மறுபடியும் முந்தானையைத்தான் இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். உண்மை தெரிந்த கடைசி ஆளையும் அணையில் தள்ளியாயிற்று.

சித்தியிடம் இதைச் சொன்னேன். அவர் குடையைத் தேடிக்கொண்டிருந்தார். "சண்டையெல்லாம் சூப்பரா இருந்துச்சே" என்றார். நான் விடவில்லை, தம்பி மேல் சுமத்தினது என்ன ஆயிற்று என்று கேட்டேன். "உனக்குத்தான் எந்தப் படம் கண்ணு புடிச்சிருக்குது? இன்டர்வல்ல குடிச்ச டீல சக்கரை பத்தலைன்னாலும் ஒரு பக்கம் எழுதுவே. எந்திரி, பஸ் போயிரும்" என்று எழுப்பிவிட்டார். அவருக்கு உண்மையிலேயே படம் பிடித்திருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அந்தப் படம் எதை மறந்ததோ, அதற்காகவே வருஷக்கணக்கில் மஞ்சூரிலிருந்து ஊட்டிக்குப் பஸ் ஏறினவர் என் சித்தி. விமர்சனத்தில் 'இரண்டாம் பாதி இழுவை, ஒளிப்பதிவு அருமை' என்று எழுதி அனுப்பினேன். எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

சித்தப்பா மஞ்சூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு பிக்கப் வண்டி இடித்து இறந்துபோனார். சின்னத் தோட்டக்காரர்களிடம் பச்சை இலை எடுத்துக்கொண்டு அதே தொழிற்சாலைக்குத் தினமும் வருகிற வண்டி அது. ஓட்டினவரைச் சித்தப்பாவுக்கு நன்றாகத் தெரியும். இலை இறக்கும் இடத்தில் இரண்டு பேரும் ஒன்றாக டீ குடிப்பார்கள். அந்தப் பிக்கப்காரர் போலீசில் சொன்னது, "தண்ணியப் போட்டுட்டு நடு ரோட்டுல தள்ளாடி வந்தாருங்க, பனில தெரியலீங்க" என்று. சித்தப்பா குடிக்காதவர் இல்லை. பண்டிகைக்குக் குடிப்பார், கல்யாணத்துக்குக் குடிப்பார், குடித்தால் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பார். ஊர் அதைப் பார்த்திருக்கிறது. அதனால் நம்புவதற்கு ஒரு சிரமமும் இல்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மது இல்லை என்றுதான் இருந்தது. ஆனால் அறிக்கையை யார் படிக்கிறார்கள்? அதிலும், அவர் நடு ரோட்டில் வந்தாரா ஓரத்தில் வந்தாரா என்பது எந்த அறிக்கையிலும் வராது.

துக்கம் கேட்க வந்தவர்களே அதைச் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். "நல்ல மனுசன், அந்தப் பழக்கம் ஒண்ணுதான்" என்று சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சித்தியின் மகள் அப்போது சின்னப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரி "உங்கப்பா குடிச்சிட்டு உழுந்துட்டாராமா" என்று கேட்டதை வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தது. ஸ்டேஷனில் சித்திக்குப் பின்னால் 'போலீஸ்காரி வீட்டுக்காரரே இப்படி' என்று பேசிக்கொண்டார்கள். சித்தி அன்றைக்கு முடிவு செய்தார். பிக்கப்காரர் ஜெயிலுக்குப் போகிறாரா இல்லையா என்பதில் அவருக்குப் பெரிய அக்கறை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா ஓரமாகத்தான் வந்தார் என்று நாலு பேர் காதுபடச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

வழக்கு வேறு ஸ்டேஷனுடையது. ஆனாலும் கூட வேலை பார்க்கிற ஆண் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார்கள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். "ஒரு வார்த்தை சொல்லுங்க்கா, கூட்டிட்டு வந்து விசாரிக்கற மாதிரி விசாரிச்சுர்றோம். உண்மை தானா வந்துரும்" என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. படத்தில் இடைவேளைக்கு முன்னால் வருமே, அந்த மாதிரிக் காட்சி. சித்தி துவைத்த துணியை மடித்துக்கொண்டே பதில் சொன்னார். "அவன் மேல ஒரு கீறல் உழுந்தா அவன் வக்கீல் அதையே புடிச்சுக்குவாரு. அப்பறம் கேஸு, அவன என்ன பண்ணுனாங்க, யாரு பண்ணுனாங்கன்னு திரும்பிரும். என் ஊட்டுக்காரரு எப்பிடிப் போனாருன்னு கேக்கறதுக்கு ஆளே இருக்காது. டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி." அவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

கோர்ட் ஊட்டியில். மஞ்சூரிலிருந்து காலையில் புறப்படுகிற முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் பெயர் கூப்பிடும் நேரத்துக்குப் போய் நிற்க முடியும். அடுத்த பஸ் போய்ச் சேரும்போது கூப்பிட்டு முடிந்திருக்கும். கோர்ட்டுக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோகிறவர் எல்லோருக்கும் அந்த ஒரே பஸ்தான். சித்தி மஞ்சூரில் ஏறுவார். நாலைந்து வளைவு தாண்டி, தேயிலைச் சரிவின் மேல் ஒரு நிறுத்தத்தில் பிக்கப்காரர் ஏறுவார். படத்தில் போலீசும் வில்லனும் சந்தித்துக்கொள்ளும்போது இசை அதிரும்; மழை பெய்யும்; காற்றில் சருகு பறக்கும். எங்கள் மலையில் கணவனைப் பறிகொடுத்தவரும் வண்டி ஓட்டினவரும் வாய்தாவுக்கு வாய்தா ஒரே பஸ்ஸில், ஒரே கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஒரே வளைவில் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டு போனார்கள்.

அந்தக் கண்டக்டர் ஒரு பெரிய ராஜதந்திரி. வாய்தா நாள் எதுவென்று அவருக்கும் தெரியும். சித்தியை முன்பக்கம் பெண்கள் வரிசையில் ஜன்னலோரம் உட்கார வைப்பார். பிக்கப்காரருக்குப் பின்படிக்கட்டு. நடுவில் இருக்கிற சனமெல்லாம் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசும். சித்தி திரும்பிப் பார்க்கவே மாட்டார். ஆனால் டிரைவர் தலைக்கு மேலிருக்கிற கண்ணாடியில் பின்படிக்கட்டு தெரிகிற சீட் எதுவோ, அதில்தான் உட்காருவார். பிக்கப்காரர் ஏறிவிட்டாரா என்று பார்ப்பதற்கு. ஏனென்றால் அவர் வராத நாளில் வழக்கு அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிப்போகும். வந்த நாளிலும் மாஜிஸ்ட்ரேட் லீவு, வக்கீல்கள் வேலைக்கு வரவில்லை, சாட்சிக்குச் சம்மன் போகவில்லை என்று தள்ளித்தான் போனது. அதில் இவர் வராமல் வேறு தள்ளிப்போனால்? அதனால் சித்தி ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த நிறுத்தம் வரும்வரை கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை என்னிடம் சொன்னார், "கல்யாணமான புதுசுல உங்க சித்தப்பாவுக்காகக் கூட இப்பிடி வழி பாத்து நின்னதில்ல கண்ணு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழக்கில் ஒரே ஒரு நேர் சாட்சி. சிலோன் தோட்டத்திலிருந்து சின்ன வயசில் வந்து, இங்கே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்து, தோட்ட வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர். அன்றைக்குச் சாயங்காலம் ரோட்டோரத்து மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தவர். சித்தி அவரை அண்ணன் என்று கூப்பிடுவார். ஆனால் என்ன பார்த்தீர்கள் என்று அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. போலீஸ்காரி சொல்லிக்கொடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வயசான காலத்தில் குளிர் தாங்கவில்லை என்று அவரும் மகனோடு போய்விட முடிவு செய்திருந்தார். சாமானெல்லாம் கட்டியாயிற்று. போவதற்கு முன்னால் ஒரு வாய்தா இருந்தது. அன்றைக்கு அவரை விசாரிப்பதாக இருந்தது. திருப்பூர் போனபின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் மலையேறி வருவாரா, முடியுமா, யாருக்குத் தெரியும்?

அன்றைக்கு நானும் கூடப் போனேன். எனக்குச் செமஸ்டர் லீவு. நிஜக் கோர்ட் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை என்பதுதான் உண்மை. சாட்சிக்காரர் மப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு எங்களுக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பஸ் அந்த நிறுத்தத்தில் நின்றது. காய் மூட்டை ஏறியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். பிக்கப்காரர் ஏறவில்லை. கண்டக்டர் சித்தியைப் பார்த்தார். சித்தி கண்ணாடியைப் பார்த்தார். கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனபோது சித்தி எழுந்து நின்றுவிட்டார். "கொஞ்சம் நிறுத்துங்க. அவன் வரல."

பஸ் முழுக்கக் கேட்டது. காய் மூட்டைக்காரர் ஒருவர், "வராட்டி உங்களுக்கு நல்லதுதானுங்களே, வாரண்ட் போட்டு இழுத்துட்டு வருவாங்க" என்று ஆறுதலாகச் சொன்னார். சித்தி சொன்னார், "வாரண்ட் போட்டா அவனுக்குத்தானுங்க கஷ்டம். எனக்கு என்ன வந்துச்சு? அண்ணன் திருப்பூரு போயிருவாரு." அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். அந்தச் சத்தம் நின்றபோது பனியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. சித்தி இறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

தேயிலைக்கு நடுவே கற்படிகள் வைத்த ஒற்றையடிப் பாதை. கீழே ஓட்டு வீடு. சித்தி வாசலுக்கு வெளியே கோழிக் கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். படியில் கால் வைக்கவில்லை. என்னை மட்டும் "இங்கயே நில்லு, நான் உள்ள போகலைன்னு நாளைக்கு நீ சொல்லோணும்" என்றார். பிக்கப்காரரின் மனைவி வெளியே வந்தார். சித்தியைவிடச் சின்னவர், தலையில் துண்டு கட்டி, இலை பறிக்கப் புறப்படுகிற கோலத்தில் இருந்தார். "அவருக்குக் காய்ச்சலுங்க்கா" என்றார். சொல்லும்போதே பொய் சொல்லத் தெரியாத முகம். சித்திக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "காய்ச்சலுன்னா ஊட்டி ஆஸ்பத்திரிக்கே காட்டிக்கலாம். கோர்ட்டுல பேரச் சொல்லிட்டு நேரா அங்க போயிரட்டும். ஸ்வெட்டரப் போட்டு அனுப்பு. நீயும் கூட வா, வழியில மயக்கம் வந்தா நான் தொட்டுப் புடிக்க முடியாது பாரு" என்றார்.

அவர் உள்ளே போனார். மேலே ரோட்டில் கண்டக்டர் இருமுவது கேட்டது. பிறகு பிக்கப்காரர் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக வாசலுக்கு வந்தார், பின்னாலேயே மனைவியும். காய்ச்சல் இல்லாவிட்டாலும் நோயாளி மாதிரித்தான் இருந்தார். சித்தியை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "காக்கியப் போட்டுட்டு வந்து நாலு அடி அடிச்சிருந்தாக் கூடப் பரவால்லீங்க்கா. இப்பிடி சேலையக் கட்டிட்டு, பஸ்ஸ நிறுத்தி வெச்சுட்டு வந்து நிக்கறீங்களே" என்றார். சித்தி, "படி வழுக்குது, பாத்து ஏறு" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

கோர்ட் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கூண்டு இருந்தது, ஆனால் யாரும் மேஜையைத் தட்டவில்லை. டவாலி பெயரைக் கூப்பிட்டார். சாட்சிக்காரர் மப்ளரை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். அவர் சொல்லச் சொல்ல மாஜிஸ்ட்ரேட் அதைத் திருத்தமான தமிழில் சொல்ல, ஒரு அம்மா தட்டச்சு செய்தார். பிக்கப்காரரின் வக்கீல் எழுந்து, அவ்வளவு பனியில் நீர் எப்படிப் பார்த்தீர் என்று கேட்டார். சாட்சிக்காரர் யோசிக்கவே இல்லை. "எட்டத்துல இருந்தா காண ஏலாதுதாங்க ஐயா. என்னைத் தாண்டித்தான் போனாரு. கை எட்டுற தூரம். மதிலப் புடிச்சுக்கிட்டுத்தான் போனாரு. அந்த வண்டி லைட்டு இல்லாம வந்துச்சு." மஞ்சூர்ப் பக்கம் கனத்த பனி இறங்கினால் எல்லோரும் அப்படித்தான் நடப்போம். மலைச்சரிவு சரியாமல் இருக்கக் கட்டின கருங்கல் சுவர் ரோட்டின் உள்பக்கமாகவே போகும். அதைக் கையால் தடவிக்கொண்டே போனால் பாதை தெரியாவிட்டாலும் பள்ளத்துக்கும் போக மாட்டோம், நடு ரோட்டுக்கும் போக மாட்டோம். யாரும் சொல்லிக்கொடுத்து வருகிற பழக்கம் இல்லை. வக்கீலும் மலைக்காரர்தான். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். 'இறந்தவர் சாலையோரச் சுவரைப் பிடித்தபடி நடந்து சென்றார்' என்று மாஜிஸ்ட்ரேட் சொன்னார். தட்டச்சுச் சத்தம் அந்த வாக்கியம் முழுக்க ஓடி நின்றது. நான் சித்தியைப் பார்த்தேன். கடைசிப் பெஞ்சில் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் திரும்பி வரும் பஸ். பிக்கப்காரர் வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று ஊட்டியிலேயே தங்கிவிட்டார். சாட்சிக்காரர் முன்சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தார். பஸ் ஊரைத் தாண்டினதும் பின்பக்கமிருந்து பிக்கப்காரரின் மனைவி கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார். நான் எதுவும் கேட்காமல் எழுந்து இடம் விட்டேன். அவர் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.  இரண்டு மூன்று வளைவு தாண்டினபின் மடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "அக்கா, நெசமாவே ஓரமாத்தான் வந்தாருங்களா? என்றகிட்ட இவரு நடு ரோடுன்னுதான் சொன்னாரு. நானும் எல்லார்த்துகிட்டயும் அப்பிடித்தான் சொல்லிட்டேன்."

சித்தி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பதில் சொன்னார். "குளிப்பாட்டறப்போ கைய நாந்தான் கழுவுனேன். வலது கை பூராவும் பாசி. நகத்துக்குள்ளயெல்லாம் பச்சையா ஏறி இருந்துச்சு. தேச்சுத் தேச்சுக் கழுவியும் போகல."

இதைச் சித்தி அதுவரை என்னிடம் சொன்னதில்லை. அம்மாவிடமும் சொன்னதில்லை. அந்தப் பெண் நிமிர்ந்து, "இத ஏனுங்க்கா யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டார். "பொண்டாட்டி சொன்னா யாரு நம்புவாங்க" என்றார் சித்தி. அந்தப் பெண் தன்னுடைய கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். எங்கள் எல்லோருக்கும் அந்தச் சுவர்ப் பாசி தெரியும். பனிக்காலத்தில் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கழுவுவது அதைத்தான். அவருடைய நிறுத்தம் வந்தது. எழுந்தார், சித்தியின் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு இறங்கிப் படிகளில் போனார்.

தீர்ப்பு ரொம்பக் காலம் கழித்து வந்தது. குற்றம் என்றது, கொஞ்ச மாதத் தண்டனை என்றது, அதை எதிர்த்து மேல்முறையீடு போட்டு அது இன்னும் நடக்கிறது. அந்தப் படத்தை எடுத்தவர்களிடம் இதைச் சொன்னால் இதில் கிளைமாக்ஸ் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கோர்ட்டில் அந்த வாக்கியத்தைக் கேட்டது பத்துப் பதினைந்து பேர், அதிலும் பாதிப்பேர் தங்கள் வழக்குக்காகக் காத்திருந்தவர்கள். அது மஞ்சூர் வரைக்கும் தானாக நடந்து வரப்போவதில்லை.

ஆனால் வந்தது. அந்த வாய்தா முடிந்து சில வாரம் இருக்கும். அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிறார். முன்னால் நின்றவர்கள் தோட்டத்தின் வேறு டிவிஷனில் இலை பறிக்கிற பெண்கள். அம்மாவை யாரென்று தெரியாதவர்கள். பனியில் வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. அதில் ஒருத்தி, "அந்த போலீசம்மா ஊட்டுக்காரரு, பாவம், செவுத்தப் புடிச்சுட்டு ஓரமாப் போன மனுசன். கையெல்லாம் பாசியாமா. வண்டி ஓட்டுனவன் பொண்டாட்டியே இலை எடுக்கறப்போ சொல்லி அழுதுச்சு" என்றிருக்கிறாள். மற்றவர்கள் உச்சுக் கொட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். அரிசி போட ஆள் வந்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அம்மா அரிசிப் பையைக் கூட இறக்கி வைக்காமல் நேராகச் சித்தி வீட்டுக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். சித்தி மறுநாள் டூட்டிக்குக் காக்கிச் சட்டையை அயர்ன் செய்துகொண்டிருந்தார். அம்மா மூச்சு வாங்க நின்றபடியே, அந்தப் பெண் சொன்னதைச் சொன்னபடி சொன்னார். சித்தி அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார். சட்டையின் காலரை நீவி விட்டுக்கொண்டே நின்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, சின்னப் பிள்ளையின் குரலில் சொன்னார்:

"இன்னொருக்கா சொல்லுக்கா."